பதினான்கு துண்டு

எழுபத்திரண்டு துண்டு சேர்ந்தால்தான் ஒரு மேட்.
எங்களிடம் ஐம்பத்தெட்டு.
பெருந்துறையில் மூடிப்போன ஜிம் ஒன்றில்
முதல்வர் பேரம் பேசி வாங்கியது.
மிச்சம் அடுத்த நிதியாண்டில் என்றார்.
மூன்று நிதியாண்டு போயிற்று.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் கல்லூரி.
தேர்வு நாளில் பெஞ்சு அடுக்கும் கூடம்தான்
மற்ற நாளில் மல்யுத்தக் கூடம்.
மஞ்சள் விரிப்பில் சிவப்பு வளையம்
முக்கால் சுற்று ஓடி வந்து
ஒரு மூலையில் சிமெண்டில் விழுந்து
செத்துப்போகும்.

நாலு பெண்கள். நான் ஒருத்தி.
கொடிக்கம்பம், கைப்பந்து, இரத்ததான முகாம்,
தேர்வறை மேற்பார்வை எல்லாம் முடித்து
நாலரைக்கு விசிலை மாட்டிக்கொண்டு
வாசலோரம் நாற்காலியைப் போடுவேன்,
காற்று வருகிற ஒரே இடம்.

எடை பார்க்க மெஷின் கிடையாது.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
ஜவ்வரிசி மூட்டை நிறுக்கும் தராசில்
கோகிலவாணியை ஏற்றுவோம்.
"அரை மூட்டைக்கு மேல கொஞ்சம்" என்பார் கணக்கர்
சிரிக்காமல்.
ஐம்பத்து மூன்றே முக்கால்.
அந்த முக்காலை
ஏற்காட்டு மலையில் விட்டுவர வேண்டும்.
மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
ஆறாவது கொண்டை ஊசி வரை ஓடுவாள்.
என் ஸ்கூட்டி பின்னால் முனகும்.
பஸ் ஜன்னலிலிருந்து சுற்றுலாக் குழந்தைகள் கையசைக்க
அவள் துப்புவாள்.
துப்பலும் எடைதானே.
இது சரியில்லை என்று எனக்குத் தெரியும்.
நானும் இப்படி ஓடியவள்.

வாணியின் அம்மா சிவதாபுரத்தில்
கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்.
எதிராளி வரிசையில் நிற்கும்போதே
இவள் பார்வை கீழே இறங்கிவிடும்:
"பத்தரை அங்குலம், மிஸ்."
எட்டு நொடியில் அந்தக் கணுக்கால்
இவள் கைக்குள் இருக்கும்.
இதை நான் கற்றுத்தரவில்லை.

கருப்பூரில் மண்டலப் போட்டி.
மற்றவர்களுக்குச் சொந்த பஸ், ஒரே நிறச் சட்டை,
முழங்காலுக்குப் பட்டை சுற்ற ஓர் ஆள்.
நாங்கள் டவுன் பஸ்ஸில், டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி
(பில் கேட்பார்கள்).
முழு மேட். எழுபத்திரண்டும்.
நஸ்ரின் மட்டும் குனிந்து
ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

கடைசி நாற்பது நொடி. வாணி நாலு, அவள் இரண்டு.
அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை, தள்ளினாள்.
ஒரு கால் வளையத்துக்கு வெளியே. நாலு, மூன்று.
என் இடப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது இடம்,
ஒரு லாரி திரும்பலாம்.
"வாணி, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் சுத்து!"
என்னைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமே ஒதுங்கினாள்.
நாலு, நாலு.
தொண்டை கிழியக் கத்தினேன்.
நாலு, ஐந்து.
மணி.

வெளியே தள்ளுவண்டியில் தட்டுவடை செட்.
நாலாவதை வாயில் வைத்தபடி கேட்டாள்:
"நீங்க கூப்பிட்ட பக்கம் சிமெண்ட் இல்ல, மிஸ்?"

மூன்று வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
என் இடதுகைப் பக்கம் மேட் முடியும்.
அங்கே விழுந்தால் முழங்கை போகும்.
எஸ்தருக்குப் போயிற்று, இரண்டு மாதம் கட்டு.
எந்த ஊர், எந்த அரங்கு ஆனாலும்
நான் உட்கார்ந்ததும்
என் இடதுபுறம் தரை கெட்டியாகிவிடுகிறது
இவர்கள் காலுக்கு.

முதல்வருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், ஏழாவது கடிதம்.
பதினான்கு துண்டு, விலைப்புள்ளி இணைப்பு.

இப்போது நாற்காலி நாளுக்கொரு பக்கம்.
திங்கள் ஜன்னலோரம்,
செவ்வாய் பெஞ்சுக் குவியலுக்கு முன்னால்.
முதல் வாரம் ஒருவர் மேல் ஒருவர் மோதித் திட்டிக்கொண்டார்கள்.
இன்று அந்தச் சிமெண்ட் மூலையிலேயே போட்டேன்.
புழுக்கம், ஒரு பொட்டுக் காற்றில்லை.
வாணி உள்ளே வந்தாள்,
வாசலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்,
பிறகு என்னைத் தேடுவதை விட்டுவிட்டு
நஸ்ரினின் கணுக்காலைப் பார்க்க ஆரம்பித்தாள்.