மரத்துக்கு இரண்டு குறி

மார்ச் கடைசி.
பெயின்ட் உறையாத முதல் சனிக்கிழமை.
வெள்ளை டப்பா, கறுப்பு டப்பா, தூரிகை,
பாசி சுரண்டக் கம்பி பிரஷ்,
எக்பெர்ட் வெட்டிக் கொடுத்த தகர அச்சு.
ஏரியைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் நடைபாதை.
மலையேற்றச் சங்கம் எனக்கு ஒதுக்கியது
கிழக்குக் கரை.

எரிமலை என்றதும்
ஐஃபெலுக்குப் புதிதாய் வருகிறவர்கள்
அண்ணாந்து பார்க்கிறார்கள்.
மலையெல்லாம் இல்லை.
மலை வெடித்துப்போன இடத்தில் பள்ளம்,
பள்ளத்தில் தண்ணீர்,
தண்ணீரில் வாத்து.

மரத்துக்கு இரண்டு குறி தீட்ட வேண்டும்.
போகிறவர் கண்ணுக்கு ஒன்று,
எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஒன்று.
முதல் வருடம் எனக்கு இது உறைக்கவில்லை.
நான் நடந்த திசையிலேயே தீட்டிக்கொண்டு போனேன்.
மாற்றிச் சுற்றிய ஒரு பள்ளிக்கூட வகுப்பு
ஹில்ட்ருடின் பன்றிப் பண்ணை முற்றத்தில் போய் நின்றது.
இருபத்தாறு பிள்ளைகளுக்கும் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு
அவள் எனக்குப் போன் செய்தாள்:
‘உன் மரத்துக்கெல்லாம் முதுகே கிடையாதா?’

இன்று பதினேழாவது மரம் விழுந்து கிடக்கிறது.
பெரிய பீச்.
பிப்ரவரிப் புயல் வேரோடு சாய்த்திருக்கிறது.
என் குறி வானத்தைப் பார்த்தபடி
பருந்துக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறது.
வேர் பிடுங்கிய குழியில் வெள்ளை வெளேரென்று
நுரைக்கல் அடுக்கு.
ஒன்றை எடுத்தேன். கைநிறையக் கல்,
காய்ந்த ரொட்டியின் கனம்கூட இல்லை.
வீசினேன். மிதந்தது.
மிதக்கும் என்று தெரியும்.
தெரிந்தும் நின்று பார்த்தேன்.

பாதையை இனி எங்கே திருப்புவது?
கீழே, கரையோரம்,
ஏரி குமிழி விட்டுக்கொண்டிருக்கும் இடம்.
மீன் இல்லை, வாயு.
தாழ்வான குழியில் இரண்டு வண்டுகள்
மல்லாந்து செத்துக் கிடக்கின்றன.
‘நாயைக் கயிற்றில் பிடிக்கவும்’ என்கிறது பலகை.
மேலே செங்குத்துச் சரிவு,
ஈரம், காட்டுப் பூண்டு.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே
வலப்பக்கமிருந்து ரோஸ்வித்தா வந்தாள்.
இடப்பக்கமிருந்து வெண்டெலின்.
பத்தொன்பது வருடம் சேர்ந்தே சுற்றியவர்கள்.
போன அக்டோபரிலிருந்து
அவன் வீடு அந்த ஊரில், அவள் வீடு இந்த ஊரில்.
அவன் கடிகாரம் சுற்றும் பக்கமாய்,
அவள் அதற்கு எதிராய்.
வட்டப் பாதையில் எதிரெதிரே நடந்தால்
முட்டிக்கொண்டே ஆக வேண்டும் என்ற கணக்கை
இருவருமே போடவில்லையா,
போட்டுவிட்டுத்தான் வருகிறார்களா,
நான் கேட்டதில்லை.

நடுவில் மரம்.
மரத்துக்கு இந்தப் பக்கம் தூரிகையோடு நான்.
‘எப்படிப் போவது?’ என்றான்
என்னிடம்.
‘எப்படிப் போவது?’ என்றாள்
அவளும் என்னிடமே.
‘இன்னும் முடிவாகவில்லை’ என்றேன்.
பெயின்ட் வாசனையில் மூன்று பேரும் நின்றோம்.
மடத்து மணி பதினொன்று அடித்தது.

அவள் மேல் சரிவில் ஏறினாள்.
பாதி ஏறியதும் வழுக்கியது.
அவன் ஊன்றுகோலை நீட்டினான்.
கோலின் மறுமுனையைத்தான் பிடித்தாள்.
மரத்தைத் தாண்டி இறங்கினாள்.
பிறகு அவள் வந்த தடத்திலேயே அவன் ஏறி
இந்தப் பக்கம் வந்தான்.
‘மூட்டு வலி?’
‘பரவாயில்லை.’
அவ்வளவுதான்.
அவள் தன் திசையில், அவன் தன் திசையில்.
கோல் மட்டும் அவளிடம் போய்விட்டது.
அடுத்த வளைவில்தான் அவனுக்கு உறைத்திருக்கும்;
திரும்பி வந்து கேட்கவில்லை.

காட்டுப் பூண்டு நசுங்கிய வாசனை.
சரிவில் நாலைந்து காலடித் தடம்,
ஒரு வழுக்கல்.
சரி, இதுதான் பாதை.
மேலே நின்ற ஆஷ் மரத்தில் பாசி சுரண்டி
அச்சை வைத்து அழுத்தி
போகிறவருக்கு ஒன்று தீட்டினேன்.
பின்பக்கம் போய்
எதிரே வருகிறவருக்குப் பாதி தீட்டுகையில்
வெள்ளை தீர்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வரை
அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள்
எதிரே வருகிறவர்களை
நிறுத்திக் கேட்டுத்தான் வர வேண்டும்.