பெயிண்ட் படக் கூடாத இடம்

கிளாக்ஸ்விக் படகுத்துறை. அக்டோபர்.
தண்டவாளத்தில் ஏறி நிற்கிறது ஹனுஸின் மீன்பிடிக் கப்பல்,
வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

சுக்கான் அருகே நான்கு துத்தநாகக் கட்டிகள்.
போன வருடம் வைத்தபடியே, ஓரம்கூட மழுங்காமல்.
"பார்த்தாயா, புத்தம் புதுசு! இந்தத் தடவை வாங்க வேண்டாம்"
என்கிறான் ஹனுஸ்.

சுன்வா பதில் சொல்லவில்லை.
சுத்தியலின் கூர்முனையால் இரும்பைத் தட்டுகிறாள்.
மூன்றாவது தட்டில்
உள்ளே போய்விட்டது முனை.

கரைந்திருக்க வேண்டும் அந்தக் கட்டிகள்.
அணுவுக்கு இரண்டு எலெக்ட்ரானை இரும்பு வழியே அனுப்பிவிட்டு
உப்பு நீரில் இறங்கிப் போயிருக்க வேண்டும்.
இழப்பதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம்.
பெறுவதற்குப் பெயர் ஒடுக்கமாம்,
பெயர் வைத்தவருக்கு என்ன கணக்கோ.
கை நீட்டி நிற்கும் ஆக்சிஜனுக்கு
யார் கொடுத்தாலும் சரி.
துத்தநாகம் கொடுக்காவிட்டால்
இரும்பு கொடுக்கும், தன் உடம்பைக் கரைத்து.

கிண்ணம் இல்லை, கண்ணாடிக் குழாய் இல்லை.
வட அட்லாண்டிக்கே உப்புக் கரைசல்.
அவ்வளவு பெரிய மின்கலத்தில்
ஒரு முனையை மட்டும் யாரோ மூடிவிட்டார்கள்.

சுன்வா கட்டியை நகத்தால் சுரண்டுகிறாள்.
சிவப்புச் செதில் உதிர்கிறது.
அடியில் பளபளவென்று துத்தநாகம்.
மின்வாய் அது,
ஒரு வருடமாக வாய் கட்டிக் கிடந்திருக்கிறது.

போன அக்டோபரில்
டப்பாவில் கொஞ்சம் பெயிண்ட் மீந்தது.
கட்டிகள் அசிங்கமாகத் தெரிந்தன.
இரண்டு கோட் அடித்தேன், பிசிறில்லாமல்.

ஹனுஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.
பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் பிடித்திருக்கிறேன்.