ஒப்பமிடும் கட்டம்

பனிச்சங்கேணிப் பாலத்தில் ஜீப் நின்றது,
மாடுகள் கடக்கட்டும் என்று.
மடியில் அறிவித்தல், இரண்டு பிரதி.
பைக்குள் நான் இரவில் மொழிபெயர்க்கும் அத்தியாயம்,
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்.

நேற்று வந்த இடம் இது:
கரையிறங்கிய ஸ்பானியர்
வாளுக்கு முன் ஒரு தாளை எடுத்தார்கள்.
உலகைப் படைத்தவர் ஒருவர்,
அவருக்காக ரோமாபுரியில் அமர்ந்திருப்பவர் ஒருவர்,
அவர் இந்த நிலத்தை எங்கள் அரசருக்கு ஈந்துவிட்டார்,
ஆகவே பணிக.
பணியாவிட்டால் வரும் சாவும் இழப்பும்
உங்கள் குற்றமே, எங்களுடையதல்ல.

வாசித்தது தங்கள் மொழியில்.
கப்பல் தட்டில் நின்றபடியே வாசித்ததுண்டு.
சனம் ஓடிப்போய்ச் சாம்பல் மட்டும் சூடாயிருந்த
குடிசைகளுக்கு வாசித்ததுண்டு.
நள்ளிரவில், ஊருக்கு வெளியே, மரங்களுக்கும்.
முடிந்ததும் பக்கத்தில் நின்ற எழுத்தன் ஒப்பமிட்டான்:
முறைப்படி வாசிக்கப்பட்டது.

அந்த எழுத்தனுக்கு என்ன சொல் போடுவது என்று
பதினொரு மணிவரை யோசித்தேன்.
நொத்தாரிசு என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

வாகரை தாண்டிக் காட்டோரம் ஒரு சேனை.
சுத்தியலோடு இறங்கினார் வனக்காவலர் தர்மதிலக்க.
நல்ல மனுசன்,
வரும் வழியில் எனக்கு இளநீர் வெட்டுவித்துத் தந்தவர்.
மரமுந்திரி மரத்தில் ஆணி இறங்கியது.
தாள் முழுதும் சிங்களம்.
அதன் தமிழ் நான்தான், மாதச் சம்பளத்துக்கு.

வேலிக்குள் பொத்தி முறித்துக்கொண்டிருந்தவள்
கதிராத்தை. என் வயதுதான் இருக்கும்.
"என்னகா எழுதிக் கிடக்கு?"

வர்த்தமானி இலக்கம் வாசித்தேன்.
எல்லைக்கல் இலக்கம். பதினான்கு நாள்.
மீறினால் நேரும் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு
என்ற இடத்தில் நாக்கு நின்றது.
நேற்றிரவு எழுதிய வரி அது.
எழுவாய்கூட மாறவில்லை.

தலையைத் தூக்கினால் தோட்டம்.
சோளன், அதன் காலில் படர்ந்த பூசணி,
அப்பால் மரவள்ளி, கச்சான்,
வெயிலில் சிவந்த கொச்சிக்காய்.
அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் இவை எல்லாம் இருந்தன,
அந்தக் கண்டத்திலிருந்து வெளியேறியவை என்று.
ஆணி ஏறிய மரமும் இருந்தது.
பணியச் சொல்லி வாசிக்கப்பட்டவர்களின் பயிர்
கடல் கடலாய் அலைந்து
இஞ்ச வந்து வேர்விட்டு
இன்னொரு தாளைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

தர்மதிலக்க படிவத்தை நீட்டினார்.
"வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது."
கீழே ஒரு கட்டம், என் கையெழுத்தின் அளவுக்கு.

"கொஞ்சம் பொறு" என்றாள் கதிராத்தை.
பொத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள்.
காட்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.
சடங்குக்கு மட்டும் அவர்கள் எடுக்கிற பேச்சு.
தமிழ்போல் ஒரு சொல் வரும்,
பிடிப்பதற்குள் போய்விடும்.
சிங்களம்போல் ஒன்று வந்தது,
தர்மதிலக்க நிமிர்ந்தார்,
பிறகு உதட்டைப் பிதுக்கினார்.
நீர்நிலைகளின் பெயராய் இருக்கலாம்.
செத்தவர்களின் பெயராய் இருக்கலாம்.
தேன் எடுக்கும் பாறைகளாய் இருக்கலாம்.
இடையில் மூச்சு வாங்க மட்டும் நிறுத்தினாள்.

"இது எங்கட கடதாசி" என்றாள்.
"வாசிச்சிட்டன்.
விளங்கினதெண்டு நீயும் ஒரு ஒப்பம் வைகா."

பேனை மூடியைத் திறந்தேன்.
ஒரு குரங்கு கிளை மாறியது.
மூடினேன்.

திரும்பும்போது மடியில்
அவள் தந்த அவித்த சோளன், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட.
தர்மதிலக்க பாதி வாங்கிச் சாப்பிட்டார்.
இருவரும் பேசவில்லை.

இன்றிரவும் அதே அத்தியாயம்.
நொத்தாரிசு என்பதை வெட்டினேன்.
வேறு சொல் வரவில்லை.
மொழிபெயர்ப்பாளர் என்று எழுதிப் பார்த்தேன்,
பிழையாய்த்தான் இருக்கிறது, ஆனாலும்
வெட்டக் கை வரவில்லை.

படிவம் பைக்குள்.
நாளை ஒன்பது மணிக்குக் கேட்பார்கள்.