ஒன்பது தொப்பிகள்

திங்கட்கிழமை மட்டும் நான் சிப்பாய்.
மற்ற நாளெல்லாம் மாட்டுக் கொழுப்பை உருக்கி
மெழுகுவர்த்தி வார்க்கிறவன்.

தொப்பி ஒரு முழ உயரம்.
சிவப்புக் கம்பளித் துணியில்
வெள்ளிச் சரிகைக் குதிரை, பாய்கிற வாக்கில்.
போட்டுக்கொண்டு மதுக்கடைக்குள் நுழைய முடியாது,
நிலை இடிக்கும்.

அந்த வருஷம் கோதுமை எட்டாத விலை.
நார்ஃபோக் ஆற்றுத்துறையில்
படகில் மூட்டை ஏறுகிறதென்று கூட்டம்.
செவ்வாய்தான். ஆனாலும் முரசு அடித்தார்கள்.
எதிரே நின்ற அத்தனை பேரும்
என் கடன் ஏட்டில் இருப்பவர்கள்.

முன்வரிசையில் ஹெப்சிபா கிரிம்வுட்,
ஊசி குத்திக் காய்த்த விரல்களோடு.
துப்பாக்கி முனையை அவள் பார்க்கவில்லை,
என் நெற்றிக்கு மேலே பார்த்தாள்.

"அந்தப் பின்னங்கால்
இருட்டில் தைத்தது.
இனிமேல் கடன் இல்லையென்று
நீ வர்த்தி தர மறுத்த வாரம்.
அதான் நொண்டுது.
ஒன்பது தொப்பி தைத்தேன்.
கர்னல் இன்னும் ஒரு ஷில்லிங் தரவில்லை."

யாரோ சிரித்தார்கள்,
எங்கள் வரிசையில்தான்.
நான் கையைத் தூக்கி
அந்தக் காலைத் தடவிப் பார்த்தேன்.
அணியில் நிற்பவன் செய்யக்கூடாதது.

கேப்டன் "தயார்" என்றார்.
இன்னொரு தரமும் சொன்னார்.
ஒன்பது குதிரையும் அசையவில்லை.

படகு நின்றதா என்று கேட்கிறார்கள்.
இல்லை, பாதி மூட்டையோடு போனது.
எனக்கு ஏழு ஷில்லிங் அபராதம்.

ஹெப்சிபாவுக்கு ஒரு கட்டு வர்த்தி அனுப்பினேன்.
திருப்பி அனுப்பிவிட்டாள்,
இரண்டை மட்டும் உருவிக்கொண்டு.