லாட் 1187

மாவட்ட நில அலுவலகத்தில்
பதினான்கு வருடமாகப்
பெயரை வெட்டிப் பெயரை எழுதுகிறேன்.
சிவப்பு மையில் ஒரு கோடு,
அதற்குக் கீழே புதியவர்.

இன்று என் மேசைக்கு வந்திருப்பது
ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பங்களா.
கோப்பின் முதுகில்
கரையான் தனியாக ஒரு ரோடு போட்டிருக்கிறது.

முதல் ஏட்டில் ஆள் இல்லை, கம்பெனிதான்.
லண்டனில் ஒரு தெரு, ஒரு கதவு எண்.
குன்றின் தலையைச் சீவி
பதினெட்டுத் தூண் நிறுத்தினார்கள்.
கல் சுமந்தவர்கள் கணக்கில் இருக்கிறார்கள்:
'கூலி, 64 உருப்படி.'

டன்மோர் துரை இருபது வருடம் அங்கே வாழ்ந்தார்.
மேல்மாடியில் நின்றால்
பிரட்டுக்களம் தெரியும்,
லயத்தில் எந்தக் கதவு
விடிந்தும் திறக்கவில்லை என்பது தெரியும்.
ஆனால் வீடு அவருடையது அல்ல.
ஏட்டில் அவர் எங்கேயும் இல்லை.
நாற்பத்தொன்று டிசம்பரில்
பியானோவை விட்டுவிட்டுப் போனார்.
காரில் நாய்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

பிறகு மூன்றரை வருடம் வெறும் தாள்.
ஜப்பான்காரன் பத்திரம் எழுதிக்கொண்டு குடிவரவில்லை.
முன்கூடத்தில் மேசை போட்டு
சயாமுக்கு ரயில் போடப் போகிறவர்களை
வரிசையில் நிறுத்தினான்.
தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு,
நிறுத்தி, கேட்டு, எழுதினான்.
அந்த வீட்டுக்குள் எங்கள் பெயர்களை
முழுதாக எழுதியது அந்த ஒரு முறைதான்.
அந்தப் பட்டியல் இந்தக் கோப்பில் இல்லை.

ஐம்பத்தெட்டில் தோட்டம் துண்டானது.
சேவுகப்பெருமாள் செட்டியார் ஈப்போவிலிருந்து வந்தார்,
வாசல் தெற்கே பார்ப்பதைப் பார்த்தார்,
ஒரு ராத்திரிகூடப் படுக்காமல்
நான்கு வருடம் பூட்டி வைத்திருந்து விற்றார்.
லாபம், பதினோராயிரம் வெள்ளி.

வாங்கியவர் லாரி முதலாளி லிம் பூன் ஹொக்.
இரண்டாம் மனைவியை அங்கே வைத்தார்.
அவள் துரையின் குளியல் தொட்டியில்
வாத்து வளர்த்தாளாம்.
ஒரு மார்ச் மாதம் வீட்டை அவள் பேருக்கு மாற்றினார்.
மே மாதம் திரும்ப மாற்றிக்கொண்டார்.
இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே
ஓ சியூ லான்,
அறுபத்தொரு நாள் உரிமையாளர்.
என்ன நடந்ததென்று கேட்க
இப்போது யாரும் இல்லை.

அப்புறம் ஒரு டத்தோ,
ஹோட்டல் வரைபடம், நீச்சல்குளம்.
குழி மட்டும் தோண்டினார்கள்.
தவளைகள் குடியேறின.
அப்புறம் வங்கி.
வங்கிக்கு அப்புறம் மறுபடியும் ஒரு கம்பெனி.
இந்த முறை குருவிக்கூடு வியாபாரம்.

நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.
சனிக்கிழமை போனேன்.
பால்மரம் ஒன்றும் இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை.
ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.
உள்ளே நடுப்பகலில் நடுநிசி.
ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குருவிச் சத்தம்,
அதை நம்பி வந்த நிஜக் குருவிகள்
துரையின் உத்தரத்தில்
எச்சிலால் வீடு கட்டிக்கொண்டிருந்தன.
கட்டி முடித்ததும் பிய்த்து
கிலோ கணக்கில் விற்பார்கள்.

மேல்மாடிப் படுக்கையறைச் சுவரில்
கைவிளக்கு வெளிச்சத்தில்
பித்தளைப் பிடி ஒன்று, அதில் ஒரு கயிறு.
யாரும் கழற்றியிருக்கவில்லை.
எதற்கென்று தெரியாமல் இழுத்தேன்.

சுவருக்குள் ஏதோ கம்பி நகர்ந்தது.
எங்கோ கீழே, பின்கட்டில்,
கணீரென்று ஒரு மணி.

குருவிகள் அசையவில்லை.
படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓடி வந்தது.
காவல்காரர் ரஃபிகுல், பங்களாதேஷ்காரர்,
வந்து ஐந்து மாதம்தான் ஆகிறதாம்.
மூச்சு வாங்க நின்றார்.
விரல்களில் கழுவிய அரிசி ஒட்டியிருந்தது.

'பாங்கில் சயா, புவான்?'
என்னையா கூப்பிட்டீர்கள்?

இல்லை என்றேன்,
கயிறு இன்னும் என் கையில்.