இருபத்தேழாம் நம்பர்

பனியன் ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு
சைனாத் துணி எறக்கறியாக்கும் என்று
பல்லடம் பஸ் ஸ்டாண்டே சிரித்தது.
நான் காற்றைக் காட்டினேன்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
காற்றாலைக்காரனுக்குக் காசு சுற்றுகிற அதே காற்று
விடிகாலை சிப்டுக்கு வண்டியில் போகிறவன்
நெஞ்சுக்குள் புகுந்து குடியிருக்கிறது.
பருத்தி அதை நிறுத்தாது. நைலான் நிறுத்தும்.

பீஸ் மூன்று டாலர் பத்து சென்ட்.
ஐநூறுக்குக் கீழே இல்லை என்றாள் விவியன்.
பெற்றவர்கள் வைத்த பேரா, கம்பெனி வைத்ததா, கேட்கவில்லை.
தோள் ஒரு இஞ்ச் கூட வேண்டும் என்று எழுதினேன்.
போன் அதை அவள் பாஷையில்
தோள்கொடு என்று மாற்றியதோ என்னவோ,
கைகுலுக்கும் பொம்மை ஒன்று வந்தது.

முன்பணத்துக்கு ஆரம், சொசைட்டியில்.
மீதிக்குச் சீட்டு, நிறையத் தள்ளி எடுத்தது.

ஆனி பத்தில் கப்பல்.
ஆடி ஒன்றுக்குக் கடையில் தொங்க வேண்டும்.
ஆடி பதினாறு வரை தூத்துக்குடியில் கிடந்தது.
"பின்னல் துணின்னு போட்ருக்காம்மா,
இது நெய்த துணில்லா" என்றார் ரோமால்ட் பர்னாந்து.
எனக்கா தெரியாது?
பதினோரு வருசம் திருப்பூரில் செக்கிங் டேபிள்.
ஆனால் துணியைப் பார்த்த கண்
காகிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தது.
அட்டைப்பெட்டிகள் நின்ற சிமெண்டுத் தரைக்கு
தினம் வாடகை ஏறியது.
இங்கே காற்று வந்து ஷட்டரைத் தட்டும்,
சரக்கு வந்துருச்சுங்களா என்று கேட்பதுபோல.

பதினெட்டுக்கு முந்தின ராத்திரி டெம்போ வந்தது.
பிரித்ததும் உள்புறம் திருப்பினேன். கைப்பழக்கம்.
நாற்பத்தாறு பீஸில் கக்கத்தில் தையல் விட்டிருந்தது,
சுண்டுவிரல் போகிற அளவு.
நாற்பத்தாறிலும் உள்பையில் ஒரே வட்ட ஸ்டிக்கர்.
27.
சரி என்று அனுப்பிய கை.

அந்த நேரம் எனக்குத் தெரியும். மணி மூன்றரை.
வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கும்.
கறுப்புத் துணி, கறுப்பு நூல், மினுக்கும் டியூப்லைட்.
சூப்பர்வைசர் பீஸை எண்ணுவான்.
நானும் விட்டிருக்கிறேன்.
ஜெர்மனிக்குப் போன குழந்தைச் சட்டை,
கழுத்துப்பட்டி, ஒரு முழுக் கட்டு.
அங்கிருந்து ஒரு காகிதம்தான் வந்தது,
அதில் என் நம்பர், பதினாலு.
அந்தச் சனிக்கிழமை கவரில்
ரெண்டு சிப்டைக் காணோம்.

கழிவை நான் விடப்போவதில்லை.
ஆரம் இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது.
ஆனால் போட்டோவுக்கு முன்னால்
ஒவ்வொரு ஸ்டிக்கரையும் நகத்தால் கிளப்பினேன்.
பசை நல்ல பசை. மணி இரண்டாகிவிட்டது.
பிறகு சிவப்பு அம்பு ஒட்டி,
கக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

செக்கர் நம்பர் இருக்குமே, அனுப்பவும் என்றாள்.
இல்லை என்றேன்.
உள்பையில் பாருங்கள்.
பார்த்தேன், இல்லை.
எழுதுகிறாள், எழுதுகிறாள் என்று காட்டிக்கொண்டே இருந்தது.
அவளுக்கும் மேலே ஒருவன் இருப்பான்.
கடைசியில், எட்டு சதவீதம் கழிவு
அடுத்த ஆர்டரில்.
அடுத்த ஆர்டரிலாம்! கெட்டிக்காரி.

விடிய விடிய நானே தைத்தேன்.
முதல் ஆள் நூல்மில் நாச்சிமுத்து,
சிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு.
போட்டுப் பார்த்தார்.
"கையத் தூக்குங்க."
"எதுக்குங்?"
"சும்மா தூக்குங்க."
கோயிலில் கும்பிடுகிற மாதிரி ரெண்டையும் தூக்கினார்.
தாங்கியது.
ஐநூற்று நாற்பது என்றேன்.
ஐநூறு கொடுத்துவிட்டு
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
காற்றுக்குள் போனார்.