சத்தத்துக்குத் திரும்பத் தெரியாது

பணகுடியில் ஆடி மாதம்
காற்றுக்குக் குறைவில்லை.
கொடியில் காய்ந்த சட்டையை
மூன்றாம் வீட்டு முருங்கையில்தான் தேடவேண்டும்.
மேற்கே வரிசையாகக் காற்றாலைகள்
எங்கோ ஓர் ஊருக்கு வெளிச்சம் அரைத்துக்கொண்டிருக்க
எங்கள் தெருவில் காலை பத்துக்கே கரண்ட் போய்விடும்.

வீட்டுக்குப் பின்னால் பதினோரு சிமெண்டுத் தொட்டி.
கப்பி, மோலி, வால் நீண்ட தங்கமீன்.
குமிழி நின்றால் அரைமணி பொறுக்கும்,
அப்புறம் மேலே வந்து வாயைத் திறக்கும்.
அதற்காகத்தான் நாகர்கோவிலில் பழசாக வாங்கினேன்
மூணு கேவிஏ ஜெனரேட்டர்.
கயிற்றை இழுத்தால் தொட்டித் தண்ணீர் சிலிர்க்கும்,
அடுக்களைத் தட்டுகள் தங்களுக்குள் பேசும்,
தங்கபுஷ்பம் சைகையில்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னாசி.
காற்றாலையில் இராக்காவல். பகலில்தான் உறக்கம்.
"ராத்திரி பூரா கரண்டுக்குக் காவல் இருக்கேன்,
பகல் பூரா கரண்டு இல்லன்னு நீரு என்னை எழுப்புதீரு.
இது என்ன நியாயம் வே?"
எனக்குப் பதில் வரவில்லை.
மீன்களைக் கைகாட்டினேன்.
மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முட்டை அட்டையை ஒட்டச் சொன்னான்
மெக்கானிக் சுடலைக்கண்ணு.
ஒட்டினேன். கோழிக்கு மட்டும் பிடித்திருந்தது.

பிறகு பெட்டி.
பதினெட்டு எம்எம் ஒட்டுப்பலகை, இரட்டைச் சுவர்,
நடுவே ஜங்ஷனில் வாங்கிய கல்பஞ்சு.
இரண்டு நாள் கையெல்லாம் அரித்தது.
அடியில் லாரி டயரை அறுத்து நாலு துண்டு.
புகைக்குழாயை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டு
மற்ற இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசினேன்.
எறும்புகூட நுழையாது என்று
தங்கபுஷ்பத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை. கரண்ட் போனது.
கயிற்றை இழுத்துப் பெட்டிக் கதவை அடைத்தேன்.
செல்போனில் அளந்தால்
எண்பத்தெட்டு அறுபதாகியிருந்தது.
இன்னாசி வீட்டுச் சன்னலில் திரை அசையவில்லை.
சாப்பிட்டேன். கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.
எவ்வளவு அமைதி
என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அது அமைதி இல்லை.
சூடு தாங்காமல்
இருபதாவது நிமிடமே உள்ளே அது நின்றிருந்தது.
போய்ப் பார்த்தபோது
தங்கமீன்கள் மல்லாந்து,
கப்பிகள் மட்டும் தண்ணீரின் தோலை நக்கிக்கொண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் இன்னாசி மதிலுக்கு மேல் தலை நீட்டினார்.
முகத்தில் எட்டு மணி நேர உறக்கத்தின் மினுக்கம்.
"இன்னைக்குத்தான் வே நல்லா உறங்குனேன், உமக்கு..."
வாளியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்
வேட்டியை மடித்துக் கட்டி ரம்பத்தை எடுத்தார்.
"மேல காத்தாடித் தலைக்குள்ளயும் சூடு உண்டு,
அதுக்கும் மூச்சுத் துளை வச்சிருக்கான்.
ஓட்டையில்லாம அடைச்சா அது பெட்டியில்ல வே,
சவப்பெட்டி."
ஒரு பக்கம் காற்று நுழைய, எதிர்ப்பக்கம் வெளியேற
இரண்டு வழி அறுத்தோம்.
வழிக்குள் பலகையை மாற்றி மாற்றி வைத்து மூன்று வளைவு,
வளைவுக்கு வளைவு கல்பஞ்சு,
வெளிவாயில் பழைய கார் ஃபேன்.
காற்று நெளிந்து போய்விடும்,
சந்துபொந்து தெரிந்த பயல்.
சத்தத்துக்குத் திரும்பத் தெரியாது.
முட்டிய இடத்திலேயே பஞ்சில் முகம் புதைக்கும்.

அறுபத்தேழு.
ஏழு கூடிவிட்டதே என்றேன்.
"அந்த ஏழு கிடக்கட்டும்" என்றார்.

இப்போதும் பகலில் கரண்ட் போகிறது.
தள்ளி நின்றால்
பக்கத்துத் தெருவில் யாரோ மாவாட்டுகிற மாதிரி.
இரண்டு தொட்டியில் புதுக் குஞ்சுகள், மற்றவை காலி.
சில மத்தியானங்களில் பார்க்கிறேன்:
கண் முழுக்கத் திறக்காத இன்னாசி
மதிலோரம் வந்து எட்டி
பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.
நடுக்கம் கையில் ஏறியதும்
போய்ப் படுத்துக்கொள்வார்.